அணு அளவுத் துல்லியம்: நான் நீக்கிய நான்கு புள்ளிகள்

வேலைப் பயிற்சியின் ஒன்பதாவது வாரம் அது. மறுநாள் காலை பொறியாளர்கள் முன்னால் நான் பத்து நிமிடம் பேச வேண்டும். திரையில் காட்டவிருந்த கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் மூன்று வரிகள் போட்டிருந்தேன்: "சராசரித் தடிமன் 5.02 நானோமீட்டர். அணு அளவுத் துல்லியத்தில் மாற்றம் இல்லை. நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்."

பார்க்கவே பெருமையாக இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவன். அதற்கு முன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தேன். சிங்கப்பூரின் வட பகுதியில் உள்ள ஒரு பகுதி மின்கடத்தி ஆலையில் எனக்கு ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. சில்லுகள் செய்யப் பயன்படும் வட்டமான சிலிக்கான் தகட்டை வேஃபர் என்பார்கள். அதன் விட்டம் 300 மில்லிமீட்டர். ஏறக்குறைய வீட்டுத் தோசைக்கல் அளவு. அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு என்ற பொருளை 5 நானோமீட்டர் தடிமனுக்குப் படிய வைக்கும் இயந்திரத்தில்தான் எனக்கு வேலை. ஒரு வேஃபருக்கு ஆகும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். விற்பனைக்குப் போகாத சோதனை வேஃபர்களில் முயன்று பார்த்தேன்.

என் மேற்பார்வையாளர் தினமும் ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வருபவர். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். கூட்டங்களில் ஆங்கிலம்தான். மற்ற நேரங்களில் எனக்கு அவர் 'அக்கா', அவருக்கு நான் 'தம்பி'. அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பியவர், என் மேசை அருகே நின்று திரையைப் பார்த்தார்.

"சராசரி சரி தம்பி. மேப் எங்கே?"

ஒரு வேஃபரில் 49 இடங்களில் தடிமனை அளப்போம். அந்த அளவுகளை வண்ணத்தில் காட்டும் படத்தைத்தான் மேப் என்றார். நான் திறந்து காட்டினேன். அவர் விரலால் புள்ளிகளை எண்ணினார்.

"நாற்பத்தஞ்சுதான் இருக்கு. மத்த நாலு எங்கே போச்சு?"

அந்த நான்கும் வேஃபரின் ஓரத்தில், வாயு வெளியேறும் பக்கத்தில் இருந்தவை. அங்கே தடிமன் 4.5 நானோமீட்டர் அளவில்தான் வந்திருந்தது. ஓரத்தில் கருவி தப்பாகக் காட்டியிருக்கும் என்று நானே முடிவு செய்து அவற்றை நீக்கியிருந்தேன். மறுபடி அளந்து பார்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தாலும் சராசரி 4.98தானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கோபப்படவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அணு அளவுத் துல்லியம்னு எழுதியிருக்கியே, அதுக்கு என்ன அர்த்தம்? எனக்குச் சொல்லு."

அந்தச் சொல்லைப் பாடத்திலும் அறிக்கையிலும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பொருள் கேட்டதும் வாயடைத்துப் போனேன். அன்றிரவும் அதற்குப் பிறகும் நான் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

துவாஸ் முதல் சாங்கி வரை

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். உங்கள் விரல் நகம் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு நானோமீட்டர் வளர்கிறது. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் பத்திருபது நானோமீட்டர் வளர்ந்திருக்கும்.

சிலிக்கான் படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.235 நானோமீட்டர். அப்படியானால் 2 நானோமீட்டர் நீளத்தில் எட்டு அல்லது ஒன்பது அணுக்களை வரிசையாக வைக்கலாம்.

நான் படிய வைத்த படலத்தை இப்படி நினைத்துப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் வேஃபரைச் சிங்கப்பூர்த் தீவின் அளவுக்குப் பெரிதாக்குவோம். துவாஸ் முதல் சாங்கி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் ஒரு சாயப் பூச்சு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. துவாஸிலும் ஈசூனிலும் சாங்கியிலும் அந்தத் தடிமன் ஒன்றாக இருக்க வேண்டும். நான் நீக்கிய நான்கு புள்ளிகளில் இருந்த குறை, இந்தக் கணக்கில் ஒரு காகிதத் தாளைவிட மெல்லியது. ஆனால் உண்மையான வேஃபரில் அது 0.5 நானோமீட்டர், பூச்சில் பத்தில் ஒரு பங்கு அங்கே இல்லை.

பெயரில் இருக்கும் நானோமீட்டர்

உயர்நிலை 3 படிக்கும் என் தங்கை கைப்பேசி விளம்பரங்களைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: "அண்ணா, 3 நானோமீட்டர் சில்லுன்னா அதுக்குள்ள எது 3 நானோமீட்டர்?"

நேர்மையான பதில்: அந்தப் பெயர் குறிக்கும் பாகம் என்று அதற்குள் எதையும் காட்ட முடியாது. முன்பு ஒரு காலத்தில் சில்லின் தலைமுறைப் பெயரும் டிரான்சிஸ்டரின் ஒரு முக்கியப் பாகத்தின் நீளமும் ஏறத்தாழ ஒத்துப்போயின. இன்று அது வெறும் தலைமுறைப் பெயர். '3 நானோமீட்டர்' தலைமுறையில்கூட அடுத்தடுத்த டிரான்சிஸ்டர்களின் கேட்டுகளுக்கு இடையே ஏறத்தாழ 50 நானோமீட்டர் தூரம் இருக்கிறது. இத்தகைய சில்லுகளில் கோடுகளை வரையப் பயன்படும் புற ஊதா ஒளியின் அலைநீளமே 13.5 நானோமீட்டர்.

ஆகவே சிறிய எண் ஒன்றைக் கண்டதும் அணு அளவுத் துல்லியம் என்று எண்ணிவிடக்கூடாது. எவ்வளவு சிறியது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு சரியாக இருக்கிறது என்பது வேறு கேள்வி.

ரவிக்கையும் எழுத்துப் பிழையும்

என் அம்மா தேக்காவில் தையல் வேலை செய்கிறார். தீபாவளி நேரத்தில் வீட்டிலும் இரவு வெகுநேரம்வரை இயந்திரம் ஓடும். ரவிக்கை தைக்கும்போது பக்கத் தையலின் உள்ளே அரை அங்குலத் துணியை மிச்சம் விடுவார். ஆறு மாதம் கழித்து இறுக்கமாகிவிட்டது என்று வாடிக்கையாளர் வந்தால் பிரித்துத் தைக்கலாம். நூலிழை அளவு முன்பின் இருந்தால் யாருக்கும் தெரியாது. தையற்காரரின் துல்லியம் இது. எவ்வளவு பிசகலாம் என்று முன்பே முடிவு செய்து, அந்த எல்லைக்குள் நிற்பது. கார் இயந்திரம், கட்டடம், சில்லு எல்லாம் இந்த வழியில்தான் உருவாகின்றன.

எழுத்து அப்படி இல்லை. 'பல்' என்று எழுதி ஒரு துணைக்காலைச் சேர்த்தால் 'பால்' ஆகிவிடும். பாதித் துணைக்கால் என்று ஒன்று கிடையாது. இருக்கிறது அல்லது இல்லை. சரி அல்லது பிழை.

அணுக்களின் உலகமும் இப்படித்தான். ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், ஓர் ஆக்சிஜன் அணு. பெடோக் நீர்த்தேக்கத்தில் உள்ள மூலக்கூறிலும் அதே கணக்குதான், பனிமலையில் உள்ள மூலக்கூறிலும் அதே கணக்குதான். இன்னோர் ஆக்சிஜன் சேர்ந்தால் அது 'சற்றே பெரிய நீர்' ஆகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேறு பொருளாகிவிடும். காற்பந்து வடிவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ஸ்மாலி, ராபர்ட் கர்ல், ஹேரல்ட் குரோட்டோ மூவரும் 1996ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு பெற்றார்கள். அந்தப் பந்தில் 60 என்றால் 60தான். ஏறத்தாழ 60 என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவானது. 'அணு அளவுத் துல்லியம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருளில் பயன்படுத்துகிறோம். ஒன்று, ஒரு படலத்தின் தடிமனை அணுவின் பருமன் அளவுக்குக் கட்டுப்படுத்துவது. இது தையற்காரரின் துல்லியம், மிக நுண்ணிய எல்லையோடு. மற்றொன்று, எந்த இடத்தில் எந்த அணு இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறதோ, அந்த இடத்தில் அந்த அணுவே இருப்பது. இது எழுத்தின் துல்லியம். முதலாவதில் சராசரிக்கு இடம் உண்டு. இரண்டாவதில் சராசரிக்குப் பொருளே இல்லை. 'பல்', 'பால்' இரண்டுக்கும் சராசரி என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இருக்கை நிரம்பும்வரை

நான் பயன்படுத்திய முறையின் பெயர் அணு அடுக்குப் படிவு. 1960களில் சோவியத் ஆய்வாளர்கள் இதன் அடிப்படையை ஆராய்ந்தார்கள். 1974ல் ஃபின்லாந்தின் துவோமோ சுந்தோலா, தட்டையான ஒளித்திரைகள் செய்வதற்காக இதைத் தொழில்முறையாக வளர்த்தெடுத்தார். அந்தப் பணிக்காக அவருக்கு 2018ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

இந்த முறையின் அழகு, வேலை தானாகவே நின்றுவிடுவதில் இருக்கிறது. ஒரு காலிப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அலுமினியம் கொண்ட வாயுவைச் செலுத்துகிறோம். அதன் மூலக்கூறுகள் வேஃபரின் மேற்பரப்பில் உள்ள 'இருக்கைகளில்' அமர்கின்றன. எல்லா இருக்கையும் நிரம்பிய பிறகு எவ்வளவு வாயு வந்தாலும் உட்கார இடம் இல்லை. அடுத்து நைட்ரஜன் போன்ற வேறு வாயுவைச் செலுத்தி, நின்றுகொண்டிருப்பவர்களை வெளியேற்றுகிறோம். மூன்றாவதாக நீராவி. அது உட்கார்ந்திருக்கும் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, அவற்றின்மேல் புதிய இருக்கைகளை உருவாக்குகிறது. நான்காவதாக மீண்டும் வெளியேற்றம். இந்த நான்கு படிகள் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் படலம் வளரும். 50 சுற்றில் 5 நானோமீட்டர். தடிமனை அளந்து நிறுத்த வேண்டியதில்லை. சுற்றுகளை எண்ணினால் போதும்.

பெயரில் 'அணு அடுக்கு' என்று இருந்தாலும், ஒரு சுற்றில் ஒரு முழு அடுக்கு உருவாவதில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அலுமினியம் அணுவோடு மூன்று மெத்தில் குழுக்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அகலமான பயணி ஒருவர் அமர்ந்தால் பக்கத்து இருக்கையும் மறைவதுபோல், அவை அருகில் உள்ள இடங்களை மறைத்துவிடுகின்றன. ஆகவே ஒரு சுற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடுக்குதான் வளர்கிறது. எந்த அணு எந்த இருக்கையில் அமரும் என்பது நம் கையில் இல்லை. மொத்தத்தில் எத்தனை பேர் அமர்வார்கள் என்பதே நம் கையில் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? வாயு செலுத்தும் நேரத்தையும் வெளியேற்றும் நேரத்தையும் குறைத்தேன். செலுத்தும் நேரம் குறைந்ததால் வேஃபரின் தொலைவான ஓரத்துக்கு வாயு போய்ச் சேரும் முன்பே படி முடிந்துவிட்டது. அங்கே இருக்கைகள் நிரம்பவில்லை. வெளியேற்றும் நேரம் குறைந்ததால் வாயு நுழையும் பக்கத்தில் மிச்சமிருந்த மூலக்கூறுகள் நீராவியோடு கலந்து, கணக்கில்லாமல் படிந்தன. ஒரு பக்கம் மெலிந்தது, மறுபக்கம் தடித்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் சராசரி மட்டும் அழகாக 5ஐ ஒட்டி நின்றது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சில்லுத் துறையே இதை அனுபவித்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கீழே இருந்த சிலிக்கான் டையாக்சைடு மின்காப்புப் படலம் 1.2 நானோமீட்டர்வரை மெலிந்தது. அது ஏறத்தாழ ஐந்து அணு அடுக்கு. அந்த அளவுக்கு மெலிந்தால் எலக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவிக் கசியத் தொடங்கும். ஓர் அடுக்கு குறைந்தாலே கசிவு பல மடங்காகும். சில்லு சூடாகும், மின்கலம் வீணாகும். அதனால்தான் 2007ல் இன்டெல் நிறுவனம் அந்தப் பொருளையே மாற்றி, ஹாஃப்னியம் கலந்த மின்காப்புப் படலத்துக்கு வந்தது. மின்விளைவு குறையாமல் படலத்தைத் தடிமனாக வைக்க அது உதவியது. அதைப் படிய வைத்த முறை, நான் மேலே விவரித்த அதே அணு அடுக்குப் படிவு.

ஓர் அணுவை எடுத்து வைத்தவர்கள்

இரண்டாம் வகைத் துல்லியத்தை, அதாவது எழுத்தின் துல்லியத்தை, யாராவது சாதித்திருக்கிறார்களா? சாதித்திருக்கிறார்கள்.

1959 டிசம்பர் 29ஆம் தேதி இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அமெரிக்காவின் கால்டெக் கழகத்தில் ஆற்றிய உரையில், அணுக்களை நாம் விரும்பியபடி ஒவ்வொன்றாக அடுக்க முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அன்று அதற்கான கருவி இல்லை. 1981ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஸூரிக் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் எஸ்டிஎம் என்ற நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். மிகக் கூர்மையான ஊசிமுனை ஒன்று மேற்பரப்பைத் தொடாமல் அதற்கு மிக அருகில் நகரும். இடைவெளியைத் தாண்டி ஒரு சிறு மின்னோட்டம் பாயும். இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறும். அதனால் அணுக்களின் மேடுபள்ளத்தையே அதனால் உணர முடிகிறது. இருவருக்கும் 1986ல் நோபெல் பரிசு கிடைத்தது.

1989ல் கலிஃபோர்னியாவில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் டான் ஐக்ளர் அந்த ஊசிமுனையால் 35 ஸெனான் அணுக்களை நிக்கல் பரப்பின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தி, நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை எழுதினார். அணுக்கள் அசையாமல் இருக்க அந்தப் பரப்பைக் கழியம் 269 டிகிரி செல்சியஸ்வரை குளிர்விக்க வேண்டியிருந்தது.

2012ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மிஷெல் சிமன்ஸ் குழுவினர் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சிலிக்கான் படிகத்துக்குள் குறித்த இடத்தில் வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். சிலிக்கான் பரப்பை ஓரடுக்கு ஹைட்ரஜனால் மூடி, வேண்டிய இடத்தில் மட்டும் ஹைட்ரஜன் அணுக்களை ஊசிமுனையால் அகற்றினார்கள். பிறகு பாஸ்பீன் வாயுவைச் செலுத்தினார்கள். திறந்திருந்த அந்த இடத்தில் மட்டும் மூலக்கூறுகள் ஒட்டின. சூடாக்கியதும் ஒரு பாஸ்பரஸ் அணு சிலிக்கானுக்குள் இடம் பிடித்தது.

இப்படியே சில்லு முழுவதையும் செய்துவிடலாமே? நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு 300 மில்லிமீட்டர் வேஃபரின் மேற்பரப்பில், ஓரடுக்கில் மட்டும், ஏறத்தாழ 5ஐ அடுத்து 17 பூஜ்யங்கள் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. விநாடிக்கு ஓர் அணு என்று வைத்தால் 15 பில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 13.8 பில்லியன் ஆண்டுதான். ஊசிமுனை துல்லியம் தரும், வேகம் தராது. ஆலை வேகம் தரும், அணுவுக்கு அணு உறுதி தராது.

தற்செயலின் கணக்கு

'சராசரி சரியாக இருந்தால் போதாதா' என்ற கேள்விக்கு உயர்நிலைப் பள்ளிக் கணிதமே பதில் சொல்லும்.

டிரான்சிஸ்டரின் மின்குணத்தை மாற்ற, சிலிக்கானுக்குள் வேறு சில அணுக்களைத் தூவுவார்கள். அவை விழும் இடம் தற்செயலானது. சராசரியாக 10,000 அணுக்கள் விழும் இடத்தில் எண்ணிக்கை பொதுவாக அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 100 கூடவோ குறையவோ இருக்கும். அது 1 விழுக்காடு, கவலையில்லை. டிரான்சிஸ்டர் சுருங்கி, 100 அணுக்களுக்குத்தான் இடம் என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு. பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அண்மைய டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் பாயும் பகுதியில் அணுக்களைத் தூவுவதைப் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிக்கை பெரிதாக இருக்கும்வரை சராசரி நம்மைக் காப்பாற்றும். எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, ஒவ்வோர் அணுவும் கணக்கில் வரும்.

உடலுக்குள் ஓர் ஆலை

வேகமும் அணுத் துல்லியமும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காதா? இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வாதம் நடந்தது. 1986ல் எரிக் டிரெக்ஸ்லர் என்ற பொறியாளர், அணுக்களைக் குறித்த இடத்தில் பொருத்தும் நுண்ணிய இயந்திரங்களைச் செய்யலாம் என்று ஒரு நூலில் எழுதினார். 60 கார்பன் பந்தைக் கண்டுபிடித்த ஸ்மாலி அதை மறுத்தார். இயந்திரத்தின் விரல்களும் அணுக்களால் ஆனவைதானே. ஓர் அணுவைப் பிடிக்க அவை மிகத் தடிமனானவை, பிடித்த அணு விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். டிரெக்ஸ்லரோ, உயிரணுக்களில் உள்ள ரைபோசோமைச் சுட்டிக்காட்டினார். இருவரின் வாதமும் 2003ல் ஒரு வேதியியல் இதழில் வெளிவந்தது. அந்த வாதம் முழுமையாக இன்னும் தீரவில்லை.

ரைபோசோம் என்பது நம் உடலின் பல வகை உயிரணுக்களில் மில்லியன் கணக்கில் இருக்கும் புரத ஆலை. மரபுச் செய்தியை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது. அதன் வடிவத்தை அணு அளவில் கண்டறிந்ததற்காக 2009ல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத். சரியான எழுத்துக்குச் சரியான துண்டுதான் வந்திருக்கிறதா என்று ரைபோசோம் எப்படிச் சரிபார்க்கிறது என்பதை விளக்கியதிலும் ராமகிருஷ்ணன் குழுவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ரைபோசோமும் பிழை செய்கிறது. ஆயிரத்துக்கு ஒன்றோ, பத்தாயிரத்துக்கு ஒன்றோ தவறான அமினோ அமிலம் சேர்ந்துவிடும். டிஎன்ஏவை நகலெடுக்கும்போது உயிரணு இன்னும் கவனமாக இருக்கிறது. எழுதுகிறது, திரும்பிப் படிக்கிறது, பிழையை வெட்டி எடுக்கிறது, மீண்டும் எழுதுகிறது. இத்தனைக்கும் பிறகு எஞ்சும் பிழை ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒன்று.

இதைப் படித்தபோது நான் நீக்கிய நான்கு புள்ளிகள் நினைவுக்கு வந்தன. உயிரணு பிழையைத் தேடிப் போகிறது. நானோ, தேடாமலே கிடைத்த பிழையை மறைத்துவிட்டேன்.

மறுநாள் காலை

அன்றிரவு அக்கா கிளம்பிய பிறகு, பணியில் இருந்த தொழில்நுட்பரிடம் கேட்டு அதே வேஃபரை வேறொரு கருவியில் அளந்தேன். ஓரத்தில் மீண்டும் 4.5தான். கருவியின்மேல் தவறில்லை. படலம் உண்மையிலேயே மெலிந்திருந்தது.

மறுநாள் முதல் பக்கத்திலேயே 49 புள்ளிகளும் உள்ள மேப்பைப் போட்டேன். "நேற்றுவரை இதில் நான்கு புள்ளிகளை நீக்கி வைத்திருந்தேன். அது தவறு," என்று சொன்னபோது குரல் நடுங்கியது. அறையில் ஒரு நிமிடம் அமைதி. பிறகு மூத்த பொறியாளர் ஒருவர், அடுத்த வாரம் 25 வேஃபர்கள் கொண்ட உண்மையான தொகுதி ஒன்றில் என் முறையை முயல இருந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மீதமிருந்த வாரங்களில் வாயு செலுத்தும் நேரத்தைப் பழையபடி வைத்துவிட்டு, வெளியேற்றும் நேரத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் 49 புள்ளிகளையும் பார்த்தேன். மிச்சமான நேரம் மூன்றில் ஒரு பங்கு அல்ல, பதினைந்தில் ஒரு பங்கு. ஆனால் மேப் ஓரம்வரை ஒரே வண்ணத்தில் இருந்தது.

கடைசி நாளில் அக்காவின் கேள்விக்கு என் பதிலைச் சொன்னேன். "அக்கா, நாம இங்க செய்யுறது ஒவ்வோர் அணுவையும் இடம் பார்த்து வைக்கிறது இல்ல. தடிமனை அணு அளவுக்குக் கட்டுப்படுத்துறோம். அதையும் ஓரத்தோட சேர்த்துப் பார்த்தாதான் சொல்லலாம்."

"அதைப் பக்கத்துல எழுதியிருந்தா அன்னிக்கே வீட்டுக்குச் சீக்கிரம் போயிருப்பேன்," என்று சிரித்தார். கடற்பாலத்தில் அன்று அவர் எத்தனை மணி நேரம் நின்றார் என்று நான் கேட்கவில்லை.

பகுதி மின்கடத்தித் துறையில் சேர விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு முடிவு வரைகோட்டில் உட்காராமல் விலகி நிற்கும்போது, அதை அழிக்கும் முன் இன்னொரு முறை அளந்து பாருங்கள். யாராவது சராசரி ஒன்றைச் சொன்னால், மிகக் குறைந்த அளவு என்ன, மிக அதிக அளவு என்ன, எத்தனை இடத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அதான் நான் ஒவ்வொரு தடவையும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். உங்க ஆலையில அதை யாரும் சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்தார்கள் அம்மா. ஒன்பதாவது வாரத்தில்.